கஞ்சா பழக்கம்: எப்போது சிகிச்சை வேண்டும், எங்கே கிடைக்கும்?

வீட்டில் ஒரு பிள்ளை கஞ்சா இழுக்கிறான் என்று தெரிந்த நாளிலிருந்து அவன் சிகிச்சைக்கு வந்து சேரும் நாள் வரை, பல குடும்பங்களில் வருடக்கணக்கில் ஆகிவிடுகிறது. இடைப்பட்ட காலம் சண்டையிலும், மறைப்பதிலும், "வயசுக் கோளாறு, தானா சரியாயிடும்" என்ற சமாதானத்திலும் கழிகிறது. அந்த இடைவெளியைக் குறைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பெற்றோர், உடன்பிறந்தவர்கள், மனைவியர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கடைசிக் கேள்வி மட்டும் பழக்கம் உள்ளவருக்கே உரியது. என்ன பிரச்சினை என்று தீர்மானிப்பது மருத்துவரின் வேலை. அவரிடம் போவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை இங்கே இருக்கின்றன.

கஞ்சா ஒரு செடிதானே? சாமியார்கள் காலங்காலமாக இழுப்பதுதானே? அதற்கு அடிமையாக முடியுமா?

முடியும். செடியில் போதை தருவது டிஎச்சி என்ற பொருள். 1964-ல் இஸ்ரேலில் ரபேல் மெக்கூலமும் யெஹியேல் காவோனியும் அதைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். நம் மூளையில் பசி, தூக்கம், நினைவு, பயம் எல்லாவற்றையும் சீராக வைத்துக்கொள்ள உடம்பே சுரக்கும் சில பொருட்கள் உண்டு. அவற்றைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளில்தான் டிஎச்சியும் போய் ஒட்டுகிறது. தினமும் வெளியிலிருந்து டிஎச்சி வந்துகொண்டே இருந்தால் மூளை அந்த ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. அதனால்தான் முன்பு கொஞ்சத்தில் கிடைத்த போதைக்கு இப்போது நிறைய வேண்டியிருக்கிறது. கிடைக்காத நாளில் சாப்பாடும் இறங்குவதில்லை, தூக்கமும் வருவதில்லை.

தொட்ட எல்லோரும் அடிமையாவதில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். அமெரிக்க ஆய்வுகளின்படி, பயன்படுத்திப் பார்த்தவர்களில் ஏறக்குறைய 9 சதவீதம் பேர் அடிமையாகிறார்கள். பதின்ம வயதில் தொடங்கியவர்களிடம் இது ஆறில் ஒருவர் என்ற அளவுக்கு ஏறுகிறது. இந்தியாவில் மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக தில்லி எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியிட்ட ஆய்வு, கஞ்சா, பாங்கு, சரஸ் பழக்கத்தால் உதவி தேவைப்படும் நிலையில் சுமார் 72 லட்சம் பேர் இருப்பதாகச் சொல்கிறது. உங்கள் வீட்டில் மட்டும் நடக்கும் அவமானம் என்று இதை நினைக்க வேண்டாம்.

எப்போதாவது இழுப்பதற்கும் அடிமையாகிவிட்டதற்கும் வித்தியாசத்தை எப்படித் தெரிந்துகொள்வது?

எத்தனை பொட்டலம் என்று எண்ணுவதை விட, அது அவன் வாழ்க்கையில் எதையெல்லாம் வெளியே தள்ளியிருக்கிறது என்று பாருங்கள். மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேட்டில் இதற்கு 11 அடையாளங்கள் இருக்கின்றன. ஒரு வருடத்துக்குள் அவற்றில் இரண்டு இருந்தாலே பிரச்சினை என்று கணக்கு. நான்கு ஐந்து என்றால் நடுத்தரம், ஆறோ அதற்கு மேலோ என்றால் தீவிரம்.

அந்த அடையாளங்கள் நம் வீடுகளில் எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். "சனிக்கிழமை மட்டும்" என்று தொடங்கியது தினமும் ஆகியிருக்கும். விட வேண்டும் என்று அவனே ஒன்றிரண்டு முறை சொல்லி, முயன்று, முடியாமல் போயிருக்கும். சரக்கு வாங்கப் போவது, இழுப்பது, தெளிவது என்று பாதி நாள் அதிலேயே போகும். வேலை நேரத்திலும் அதைப் பற்றிய ஏக்கம் பிடுங்கும். கல்லூரியில் வருகைப்பதிவு குறைந்து தேர்வு எழுத முடியாமல் போகும், அல்லது ஷிப்டுக்குத் தாமதமாகப் போய் வேலை போகும். இவ்வளவுக்கும் பிறகும் பழக்கம் நிற்காது. சாயங்காலமானால் கிரவுண்டுக்கு ஓடியவன் இப்போது போவதில்லை. அத்தை வீட்டுக் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்கிறான். போதையில் பைக் ஓட்டுகிறான். "இதனால்தான் எனக்குப் படபடப்பு வருகிறது" என்று அவனுக்கே தெரிந்தும் தொடர்கிறான். அளவு கூடிக்கொண்டே போவதும், நிறுத்தினால் உடம்பும் மனசும் படுத்துவதும் மீதி இரண்டு.

இதில் நான் அதிகம் கவனிக்கச் சொல்வது அந்த முயன்று தோற்ற அடையாளத்தை. விட நினைத்தும் விட முடியவில்லை என்றால், புத்திமதி சொல்லித் தீர்க்கும் கட்டம் தாண்டிவிட்டது.

கண் சிவந்திருந்தால் கஞ்சாதானா? வீட்டில் எதைப் பார்ப்பது?

கண் சிவப்புக்குத் தூக்கமின்மை, அலர்ஜி, செல்போன் என்று நூறு காரணம் உண்டு. தவிர, கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு வந்தால் சிவப்பே தெரியாது. எரிந்த இலை வாசம், சுருட்டும் மெல்லிய தாள், காலியாக்கி மறுபடி நிரப்பிய சிகரெட், அகால நேரத்தில் அகோரப் பசி, வாய் உலர்தல், காரணமில்லாத சிரிப்பு இவையெல்லாம் அன்றைய போதைக்கு அடையாளம். நாள்பட்ட பழக்கம் வேறு விதமாகத் தெரியும். பகலெல்லாம் தூக்கம், எதிலும் அக்கறையின்மை, சொன்னது மறந்துபோவது, பணம் காணாமல் போவது, பழைய நண்பர்கள் ஒருவர்கூட வீட்டுக்கு வராமல் புதிய வட்டம் சேர்வது.

அடிக்கடி வயிற்று வலியும் நிற்காத வாந்தியும் வந்து, வெந்நீரில் நெடுநேரம் குளித்தால் மட்டும் ஆறுதல் என்று ஒருவர் சொன்னால் அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நீண்டகாலம் அதிகமாகக் கஞ்சா பயன்படுத்துவோருக்கு வரும் ஒரு வாந்தி நோயின் அடையாளம் அது. எண்டோஸ்கோப்பி, ஸ்கேன் என்று அலைந்தும் காரணம் பிடிபடாமல் போவதுண்டு, ஏனென்றால் கஞ்சாவைப் பற்றி மருத்துவரிடம் யாரும் வாய் திறப்பதில்லை.

மகள்களுக்கும் இந்தப் பழக்கம் வருகிறது. ஆனால் வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயத்தில் குடும்பங்கள் இன்னும் அதிகமாக மறைக்கின்றன. சிகிச்சையும் அந்த அளவுக்குத் தள்ளிப்போகிறது.

ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறான். எப்படிப் பேசுவது?

பெரும்பாலான வீடுகளில் இந்தப் பேச்சு பொட்டலம் கையில் சிக்கிய இரவில் நடக்கிறது. அப்பா கத்துகிறார், அம்மா அழுகிறார், தாத்தா பாட்டியின் மானம் வரை வந்துவிடுகிறது. போதையில் இருப்பவனுக்கு அதில் எதுவும் ஏறாது. மறுநாள் அவனுக்கு நினைவிருப்பது அந்த அடியும் வசவும்தான்.

அவன் தெளிவாக இருக்கும் காலை நேரத்தில், வீட்டில் ஒருவர் மட்டும் பேசுங்கள். அவனுக்கு யாரிடம் பயம் குறைவோ அவர் பேசலாம். அது அக்காவாகவோ சித்தப்பாவாகவோ இருக்கலாம். நீங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: "மூணு மாசமா நீ ராத்திரி தூங்கலைப்பா, சாப்பாடும் சரியில்லை, எனக்குப் பயமா இருக்கு." பிறகு கேளுங்கள். அது அவனுக்கு என்ன கொடுக்கிறது என்று கேட்பது பல பெற்றோருக்குச் சங்கடமாக இருக்கும். ஆனால் அதற்கு வரும் பதிலில்தான் விஷயமே இருக்கிறது. தூக்கம் வரவில்லை என்பான், கூட்டத்தில் பேச பயம் என்பான், வேலை போன வருத்தம் என்பான். சிகிச்சை அங்கிருந்துதான் தொடங்கும்.

"கஞ்சாவை விடு" என்று கேட்டால் மாட்டேன் என்பவன், "தூக்கத்துக்கு ஒரு டாக்டரைப் பார்ப்போம்" என்றால் பெரும்பாலும் வருவான். அப்படி வந்தால் போதும், மீதியை மருத்துவர் பேசிக்கொள்வார். எங்கே போகிறோம், யாரைப் பார்க்கிறோம் என்பதில் மட்டும் பொய் சொல்லாதீர்கள். வர மறுத்தால் நீங்கள் மட்டும் போங்கள். குடும்பத்தாருக்குத் தனியாக ஆலோசனை தரும் இடங்கள் நிறைய உண்டு.

பணம் கொடுப்பதை நிறுத்தலாம், அவன் வாங்கிய கடனை அடைக்க மறுக்கலாம். சாப்பாட்டையும் தங்க இடத்தையும் மறுக்காதீர்கள்.

யூரின் டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடலாமா?

தெரியாமல் எடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். கண்டுபிடித்தால் நம்பிக்கை போய்விடும். தவிர, பரிசோதனை சொல்வதும் கொஞ்சம்தான். டிஎச்சி கொழுப்பில் தங்கும் பொருள். ஒருமுறை பயன்படுத்தியவரிடம் சில நாட்களில் மறையும். தினமும் பயன்படுத்தியவரிடம் நிறுத்தி ஒரு மாதத்துக்கு மேலும்கூடத் தெரியும். உண்மையாகவே நிறுத்தியவன் மேல் அதைக் காட்டிப் பழி சுமத்தும் ஆபத்து உண்டு. சிகிச்சையின்போது, அவன் சம்மதத்தோடு மருத்துவர் எடுத்தால் அது பயனுள்ளது.

திடீரென்று நிறுத்தினால் உயிருக்கு ஆபத்தா?

கஞ்சா மட்டும் என்றால் பெரும்பாலும் இல்லை. ஆனால் கஷ்டம் உண்மையானது. நிறுத்திய ஓரிரு நாளில் எரிச்சல், கோபம், படபடப்பு தொடங்கும். சாப்பாடு இறங்காது, தூக்கம் வராது, வந்தாலும் பயங்கரமான கனவுகள் வரும். சிலருக்கு வியர்வை, நடுக்கம், தலைவலி, வயிற்று வலியும் உண்டு. முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், இரண்டு வாரத்துக்குள் பெரும்பகுதி அடங்கிவிடும். தூக்கக் கோளாறு மட்டும் ஒரு மாதத்துக்கு மேலும் இழுக்கலாம்.

குடும்பம் அதிகம் தடுமாறும் இடமும் இந்த முதல் வாரம்தான். "விட்ட பிறகுதான் இன்னும் மோசமாக நடந்துகொள்கிறான்" என்று சொல்லி அம்மாவே பணம் கொடுத்து அனுப்பிவிடும் வீடுகள் உண்டு. அந்தக் கோபம் விடும்போது வரும் நோய் அறிகுறி, சில நாட்களில் இறங்கிவிடும். அந்த வாரத்தில் பழைய கணக்குகளை எடுக்காதீர்கள். தயிர்சாதமோ கஞ்சியோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள், மாலையில் கூட நடந்துவிட்டு வாருங்கள். மூளை மீள்வதும் நிஜம்தான்: தினமும் புகைத்தவர்களிடம் குறைந்துபோன ஏற்பிகள், ஏறக்குறைய நான்கு வாரம் நிறுத்திய பிறகு பெருமளவு பழைய அளவுக்குத் திரும்பியதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. கூடவே தினமும் குடிப்பழக்கம் இருந்தாலோ, தூக்க மாத்திரைகள் அதிகம் எடுத்தாலோ வீட்டில் வைத்துத் திடீரென்று எல்லாவற்றையும் நிறுத்தாதீர்கள். அவற்றை நிறுத்தும்போது வலிப்பு வரலாம், உயிரே போகலாம். வலி மாத்திரைகளைப் போதைக்குப் பயன்படுத்துவது இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், அதற்குச் சிகிச்சை வேறு.

இதை நிறுத்த மாத்திரை இருக்கிறதா? சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மருந்து கிடைக்கிறதாமே?

கஞ்சா பழக்கத்தை நிறுத்துவதற்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை இன்றுவரை இல்லை. தூக்கம், படபடப்பு, மனச்சோர்வுக்கு மருத்துவர் குறுகிய காலத்துக்குச் சில மருந்துகள் தரலாம். மருந்துக் கடையில் நீங்களாகத் தூக்க மாத்திரை கேட்டு வாங்க வேண்டாம்.

தெரியாமல் கலந்து கொடுப்பதை எந்த நிலையிலும் செய்யாதீர்கள். அப்படி விற்கப்படுபவற்றில் ஒன்று டைசல்பிரம். அது குடிக்கு மட்டுமான மருந்து. கஞ்சாவுக்கு எந்த வேலையும் செய்யாது. தெரியாமல் சாப்பிட்டவன் அன்று குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பெயர் போடாத பொடிகளில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

அப்படியானால் சிகிச்சையில் என்னதான் செய்வார்கள்?

பேச்சுதான் பிரதான சிகிச்சை. "வெறும் பேச்சா?" என்று முகம் சுளிக்கும் அப்பாக்கள் உண்டு. ஆனால் இது வீட்டில் சொல்லும் புத்திமதி போன்றதில்லை. விட வேண்டும் என்ற எண்ணம் அவனுக்குள்ளேயே கொஞ்சம் இருக்கிறது. அதைத் தூண்டி வளர்ப்பது ஒரு முறை. எந்த நேரம், எந்த இடம், எந்த நண்பன், எந்த மனநிலை இழுக்கத் தூண்டுகிறது என்று பிரித்துப் பார்த்து, அந்த நேரத்தில் வேறு என்ன செய்வது என்று பயிற்சி கொடுப்பது இன்னொன்று. அமெரிக்காவில் 450 பேரை வைத்து நடத்தி 2004-ல் வெளியான ஆய்வில், இரண்டு அமர்வு பெற்றவர்களுக்கே பழக்கம் குறைந்தது. ஒன்பது அமர்வு பெற்றவர்களுக்கு அதைவிட அதிகமாகக் குறைந்தது. ஆகவே முதல் சந்திப்போடு "சரியாகவில்லை" என்று நிறுத்திவிடாதீர்கள்.

நம் ஊரில் பெரும்பாலும் புகையிலையோடு கலந்துதான் இழுக்கிறார்கள். அதனால் நிகோடினும் சேர்ந்தே பிடித்திருக்கும். கஞ்சாவை விட்டு சிகரெட்டைத் தொடர்ந்தால் ஏக்கம் திரும்பத் திரும்பத் தலைதூக்கும். இரண்டுக்கும் சேர்த்தே சிகிச்சை கேளுங்கள்.

பலருக்கு மருத்துவமனையில் தங்க வேண்டியதே இல்லை, வெளிநோயாளியாக வந்து போனால் போதும். பல போதைப்பொருட்கள் சேர்ந்திருந்தாலோ, மனநோய் அறிகுறி இருந்தாலோ, தற்கொலை எண்ணம் இருந்தாலோ, வீட்டைச் சுற்றியே சரக்குக் கிடைத்தாலோ உள்நோயாளி சிகிச்சை தேவைப்படும்.

காதில் குரல் கேட்கிறது என்கிறான், எல்லோரும் அவனைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்கிறான். இது போதையா, பேய் பிடித்ததா?

உடனே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். மந்திரிப்பதற்கும் கயிறு கட்டுவதற்கும் வாரக்கணக்கில் அலைய வேண்டாம். ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் நடத்தி 2019-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், தினமும் கஞ்சா பயன்படுத்துவோருக்கு இப்படியான மனநோய் வரும் வாய்ப்பு, பயன்படுத்தாதவரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது. டிஎச்சி செறிவு அதிகமுள்ள வகையைத் தினமும் பயன்படுத்தியவருக்கு ஐந்து மடங்கை நெருங்கியது. இப்போது இங்கேயும் புழங்கும் ஹைட்ரோபோனிக் கஞ்சா (மண்ணில்லாமல் சத்து கலந்த நீரில் வளர்ப்பது) அந்த வகை. குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு நோய் இருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல். மருத்துவரிடம் அதை மறைக்காதீர்கள். சீக்கிரம் வந்தால் மருந்துக்கு நல்ல பலன் கிடைக்கும்.

தன்னையோ பிறரையோ காயப்படுத்திக்கொள்ளும் நிலை என்றால் யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

எங்கே போவது? எவ்வளவு செலவாகும்?

முதலில் அரசு மருத்துவமனை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு, சிகிச்சை இலவசம். தமிழ்நாடு அரசு 2025-ல் 'கலங்கரை' என்ற பெயரில் போதை மீட்பு மையங்களை அரசு மருத்துவமனைகளில் தொடங்கியிருக்கிறது. சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்டதும் தயங்குபவர்கள் பலர், தயங்க வேண்டாம். 1980-ல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையின் மருத்துவமனை, போதை சிகிச்சைக்கென்றே நடப்பது. குடும்பத்தாருக்கும் அங்கே தனி நிகழ்ச்சி உண்டு. புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சிஎம்சி, பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆகிய இடங்களும் நல்ல தேர்வு.

எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லையென்றால் போன் செய்யுங்கள். 14416 டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். 14446 போதை மீட்புக்கான தேசிய உதவி எண். தமிழ்நாட்டில் 104-லும் ஆலோசனை கிடைக்கும்.

"வேன் அனுப்புகிறோம், தூக்கிக்கொண்டு போய்விடுவோம்" என்று ஒரு தனியார் மையம் சொல்கிறது. அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள். நல்ல தனியார் மையங்கள் இருக்கின்றன, ஆனால் அடித்து, கட்டிப்போட்டு வைக்கும் இடங்களும் இருக்கின்றன. மனநல மருத்துவப் பராமரிப்புச் சட்டம் 2017, போதையால் வரும் மனநலப் பிரச்சினைகளையும் தனக்குள் கொண்டுவருகிறது. அந்தச் சட்டப்படி சங்கிலி போடுவது குற்றம், மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மனநல மருத்துவர் எந்தெந்த நாள் வருகிறார், குடும்பத்தார் எப்போது பார்க்கலாம், போனில் பேசலாமா என்று கேளுங்கள். "மூன்று மாதம் பார்க்கக் கூடாது" என்றோ, முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டு என்றோ சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

அவன் சம்மதமில்லாமல் சேர்க்க வேண்டிய தீவிர நிலையும் வரலாம். அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது: நிபுணர்கள் இருவர் தனித்தனியாகப் பரிசோதித்து அவசியம் என்று சொன்னால், முதலில் 30 நாள் வரை அனுமதிக்கலாம். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரோ பொறுப்பாளரோ உடன் தங்க வேண்டும்.

மருத்துவமனைக்குப் போனால் போலீஸுக்குத் தெரிந்து கேஸ் ஆகிவிடாதா?

சிகிச்சைக்கு வந்தவரைப் பற்றிய விவரங்களை ரகசியமாக வைக்க வேண்டியது மருத்துவரின் சட்டக் கடமை. 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் கஞ்சா பயன்படுத்துவது குற்றம்தான். ஆறு மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்தியதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கிய அடிமைப்பட்டவர், அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் அந்தக் குற்றத்துக்காக வழக்கு நடத்தப்படாது என்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போகலாம். விற்றதற்கு இது பொருந்தாது. வழக்கு ஏற்கெனவே இருந்தால், சிகிச்சைச் சீட்டுகளைப் பத்திரப்படுத்தி வழக்கறிஞரிடம் இந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள்.

கல்யாணம் பண்ணி வைத்தால் பொறுப்பு வந்துவிடும் என்கிறார்கள்.

வராது. இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்க்கையைச் சிகிச்சையாகப் பயன்படுத்த யாருக்கும் உரிமை இல்லை. முதலில் சிகிச்சை, அது நிலைக்கட்டும். பிறகு கல்யாணம் பேசும்போதும் மறைக்காமல் சொல்லுங்கள்.

நான்கு மாதம் நன்றாக இருந்தான், மறுபடி ஆரம்பித்துவிட்டான். எல்லாம் வீணா?

இல்லை. இந்த நோயில் சறுக்குவது சாதாரணமாக நடக்கும். ஒருநாள் சறுக்கலைப் பழைய பழக்கமாக மாற்றுவது பெரும்பாலும் அதன் பின்னால் வரும் வெட்கமும் வீட்டுச் சண்டையும்தான். அவனே வந்து சொன்னான் என்றால் அதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளுங்கள். என்ன நடந்தது, யார் கூட இருந்தது என்று நிதானமாகக் கேட்டு, அந்த வாரமே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

இதைப் படிப்பது நானேதான். நான் என்ன செய்வது?

நீங்கள் இவ்வளவு தூரம் படித்ததே நல்ல விஷயம். ஒரு தேதி குறித்துக்கொள்ளுங்கள். கையிருப்பையும் தாளையும் லைட்டரையும் அன்று வெளியே போடுங்கள், சரக்கு தருபவரின் எண்ணை அழியுங்கள். ஒரேயடியாக முடியாது என்று தோன்றினால், காலையில் முதல் தம்மைத் தள்ளிப்போடுவதிலிருந்து தொடங்கி நாளுக்கு நாள் குறையுங்கள். ஏக்கம் வந்தால் அரை மணி நேரம் வேறு எங்காவது நடந்துவிட்டு வாருங்கள், அது ஏறி இறங்கிவிடும். நம்பிக்கையான ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள். அந்தக் கூட்டத்தோடு சில வாரங்கள் சேராமல் இருப்பதுதான் உங்களுக்கு மிகக் கடினமாக இருக்கும் என்று தெரியும். அவர்களில் விட நினைக்கும் இன்னொருவர் இருந்தால் சேர்த்துக்கொண்டு வாருங்கள்.

தனியாக முடியவில்லையென்றால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். ஓபி சீட்டு வாங்கும் இடத்தில் காரணம் கேட்டால் "தூக்கம் வரவில்லை" என்று சொன்னால் போதும். மருத்துவரிடம் மட்டும் எதையும் குறைக்காமல் சொல்லுங்கள்: எந்த வயதில் தொடங்கியது, ஒரு நாளைக்கு எத்தனை முறை, கூடவே வேறு என்னென்ன, கடைசியாக எப்போது.